புழல் நீரும் படப்பெட்டியும்

சென்னப்பட்டணத்திலிருந்து வடக்கே கல்கத்தாவை நோக்கிச் செல்லும் பழைய ராஜபாட்டையில் மாதவரத்தைக் கடந்து போகிறவர்களுக்குப் புழல் என்ற பெயர் இரண்டே விஷயங்களைத்தான் ஞாபகப்படுத்தும். ஒன்று பட்டணத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரி, மற்றொன்று 2006-ஆம் ஆண்டில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகிலிருந்து பெயர்ந்து வந்த மத்திய சிறைச்சாலை. சரித்திரத்தில் சிரத்தையுள்ளவர்கள், தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களுள் புழற்கோட்டமும் ஒன்று என்பதையும், குறும்பர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டதாக வழங்கும் கர்ணபரம்பரைக் கதையையும், ஆதிநாதருக்கு இவ்வூரில் ஒரு பழைய சமணக் கோயில் இருப்பதையும்கூடச் சொல்லக்கூடும். இவற்றுள் எதையும் விஸ்தரிப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. பிலிம் சுருள் போட்டுப் படம் பிடிக்கும் பழைய கேமராக்களை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்தும், மாற்றிக்கொண்டும், பழுது பார்த்துப் பிறர் கையில் ஒப்படைத்தும் மகிழ்கிற அன்பர்கள் இப்போது ஆங்காங்கே தோன்றியிருக்கிறார்கள். இளைஞர்களின் நவீன மோகம் என்று பலர் எண்ணுகிற இந்தப் பழக்கத்துக்கு நம் பக்கத்தில் ஒரு நீண்ட பூர்வ சரித்திரம் உண்டு என்பதையும், அந்தச் சரித்திரத்தில் புழல் ஏரித் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதத் துணிந்தேன்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரே கேமராதான் இருந்தது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி செய்து நாடெங்கும் விற்ற ‘ஆக்ஃபா கிளிக் 3’ என்ற கறுப்புப் பெட்டி அது. அதன் சொந்தக்காரர் எங்கள் பெரியப்பா என்பது பெயரளவில்தான் உண்மை. வருஷத்தில் பாதி நாள் அது யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். காதுகுத்து, வளைகாப்பு, திருத்தணி யாத்திரை, புது மோட்டார் சைக்கிள் என்று எந்தக் காரியம் வந்தாலும், முதல் நாள் மாலையில் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதில் ஆரம்பித்து, ஊர் விஷயம் உலக விஷயம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, எழுந்து போகும் சமயத்தில், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல, “அந்தப் பொட்டி சும்மாத்தானே இருக்குது?” என்று கேட்பார். சும்மா இருக்கிற பொருளைக் கேட்பது யாசகமாகாது என்பது எங்கள் ஊர் நியாயம்.

அந்தப் பெட்டியில் போடும் 120 என்ற அகலச் சுருளில் சதுரமான 12 படங்கள் விழும். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி என்பதற்கு மேல் அதில் யோசிக்க வேண்டியது அதிகமில்லை. படம் எடுத்தவுடன் குமிழைத் திருகிச் சுருளை நகர்த்த வேண்டும்; முதுகுப் பக்கத்திலுள்ள சிறிய சிவப்பு ஜன்னலில், சுருளின் மேல் ஒட்டிய காகிதத்தில் அச்சிட்ட எண், கிணற்றுக்குள்ளிருந்து எழும்பி வருவதுபோல மெல்ல ஏறி வந்து நிற்கும். அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லுவது சிறுவனாகிய என் உத்தியோகம். “பெரிப்பா, எட்டு வந்துடுச்சு” என்று நான் கூவினால், மீதி ஐந்து படம் யார் யாருக்கு என்ற விவகாரம் தொடங்கிவிடும். ரோல் வாங்கிய வீட்டுக்கு ஆறு, கேமரா கொடுத்த வீட்டுக்கு இரண்டு, கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் வீடு எதுவோ அதற்கு ஒன்று, மிச்சம் பொதுவில் என்று எழுதாத சட்டம் ஒன்று எங்கள் தெருவில் இருந்தது. திருக மறந்துவிட்டால் ஒரு படத்தின் மேலேயே மற்றொரு படம் விழுந்துவிடும். அப்படி ஒரு முறை எதிர் வீட்டுப் பாட்டியின் மடியில் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி படுத்திருப்பதாக வந்த படத்தைக் கிழித்துப் போட மனமில்லாமல் இரு வீட்டாரும் ஆளுக்கொரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒருவருக்கு மட்டும் உரிய பொருளாகக் கேமரா நம் நாட்டுக்கு வரவேயில்லை என்று நான் சொல்லத் துணிவதற்குக் காரணம் இந்தப் பாலிய ஞாபகம் மட்டுமன்று. டாகேர் கண்ட முறை 1839-ஆம் ஆண்டில் பாரிஸில் பிரசித்தப்படுத்தப்பட்டு இருபது வருஷங்கள் நிறைவதற்குள்ளாகவே, சென்னை ராஜதானியில் இந்த வித்தை வேரூன்றிவிட்டது. 1850-இல் இங்கே ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர், அந்தத் தசாப்தத்தின் மத்தியில் நண்பர்களைக் கூட்டிப் புகைப்படச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். அந்தச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய அமைப்பு இன்றும் சென்னையில் நடந்து வருகிறது. அக்காலத்துப் படப்பெட்டியும் ரசாயனங்களும் கண்ணாடித் தகடுகளும் கப்பலேறி வரவேண்டியவை. சாமானியன் ஒருவன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடியவை அல்ல. ஆகையால் பள்ளியும் சங்கமும் சர்க்காருமாகச் சேர்ந்து தாங்கியே அந்தக் கலை இங்கே வளர்ந்தது. ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்து வந்தபோது, ஹண்டருடைய பள்ளியில் பயின்ற சி. ஐயாசாமி என்பவர் அவருக்கு உதவியாளராயிருந்து அவருடைய கருவிகளிலேயே கைப்பழக்கம் பெற்றார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீள்படமாக்கியது அவர்களுடைய அக்காலத்து அரிய சாதனை. ஆயினும் கவர்னர் டிரெவெல்யன் இதை வீண் ஆடம்பரமென்று கருதியபடியால், 1860-க்குள் அந்த அரசாங்கப் புகைப்படக் காரியாலயம் மூடப்பட்டது. சர்க்கார் கைவிட்ட பிறகும் வித்தை அழியாமல் நின்றதென்றால், ஒருவர் பெட்டியில் மற்றொருவர் கற்றுக்கொண்ட அந்தப் பரம்பரையே அதற்கு ஆதாரம்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஏரி கதைக்குள் வருகிறது. படம் எடுப்பதைவிடப் படத்தைக் கழுவுவது கடினம் என்பதை இருட்டறையில் நின்றவர்கள் அறிவார்கள். நம் ஜனங்கள் ‘ரோலைக் கழுவக் கொடுத்தேன்’ என்று சொல்வதும் மிகப் பொருத்தமான வார்த்தை. வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஹைப்போ என்ற உப்பின் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டறிந்திருந்தார். அந்த ஹைப்போ தன் வேலையை முடித்துக்கொண்ட பிறகு சிறிதளவு காகிதத்தில் தங்கிவிட்டாலும், நாளடைவில் படம் மஞ்சளித்து மங்கிவிடும். ஆகையால் ஓடுகிற நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலசியாக வேண்டும். ஏழுகிணற்றுத் தண்ணீரையும் வீட்டுக் கேணிகளின் உப்புத் தண்ணீரையும் நம்பியிருந்த கறுப்பர் பட்டணத்தில் அது எளிதில் கிடைக்கக்கூடியதா?

1872-ஆம் ஆண்டில், பிரேஸர் என்ற இன்ஜினீயரின் திட்டப்படி, கொசஸ்தலையாற்று வெள்ளம் தாமரைப்பாக்கத்தில் தடுக்கப்பட்டு, சோழவரம் வழியாகப் புழலேரியில் வந்து தேங்கி, அங்கிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம் சென்று, குழாய்களின் மூலம் பட்டணத்துக்குள் புகுந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணற்படுகை வடிகட்டிகள் ஏற்பட்டது 1914-இல்தான். அதுவரையில் வந்தது ஏரியிலிருந்தபடியே வந்த தண்ணீர், ஆகையால் துணியில் வடித்துக்கொள்ளாமல் அலசினால் மண்துகள் படத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிற்காலத்தில் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடியாக விரிந்தது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்த பிறகும் அதன் தண்ணீர் இந்த வழியாகவே வந்தது. மவுண்ட் ரோட்டு ஸ்டூடியோக்களில் சாய்மானமிட்டு உட்கார்ந்து படமெடுத்துக்கொண்ட ஜமீன்தார்களும், ராயபுரத்துச் சின்ன ஸ்டூடியோவில் வர்ணம் தீட்டிய திரைக்கு முன்னால் விறைத்து நின்ற புதுத் தம்பதிகளும், குழாய்த் தண்ணீரில் அலசப்பட்டவர்களாயின், எங்கள் ஊர் நீரில் மூழ்கி எழுந்தவர்களே ஆவார்கள். தன்னிடம் வந்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொண்டேயிருப்பதுதான் ஏரியின் தர்மம். பட்டணத்துப் படங்கள் அதில் நனைந்தே தெளிந்தன.

பெட்டி சாமானியனுடைய கைக்கு வந்தது அமெரிக்காவில் ஈஸ்ட்மன் செய்த புரட்சியினால். 1888-இல் அவர் வெளியிட்ட முதல் கோடக் கேமராவில் 100 படங்களுக்குச் சுருள் ஏற்றியிருக்கும். எடுத்து முடித்தவர் பெட்டியையே ராசெஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார். படங்களும், புதுச் சுருள் ஏற்றிய பெட்டியும் திரும்பி வரும். ஒரு டாலர் விலையில் பிரவுனி வந்தது 1900-இல். அதன் அடுத்த உருவத்துக்காக 1901-இல் ஏற்பட்டதுதான், மேலே நான் சொன்ன 120 சுருள். நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாகியும் அதே அளவில் அது இன்றும் தயாராவதால்தான், பாட்டன் வாங்கிய பெட்டியில் பேரன் படமெடுக்க முடிகிறது. நம் நாட்டிலும் கைத்திறன் சும்மா இருக்கவில்லை. 1940-களில் ஆலப்புழையில் ஒரு ஸ்டூடியோக்காரர், தம் கேமராவின் கிழிந்த துருத்தியைச் சரிசெய்துகொள்ள, இசைக்கருவிகள் செய்யும் வீட்டாரிடம் போனார். ஹார்மோனியத்துக்குத் துருத்தி போடத் தெரிந்தவருக்குக் கேமராவுக்குப் போடத் தெரியாதா என்பது அவருடைய நியாயம். அதிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளை கருணாகரனுக்குப் பிறந்த ஆர்வமே தேக்கும் பித்தளையும் கொண்டு செய்த ‘வாகீஸ்வரி’ கேமராக்களாக வளர்ந்து, நாடெங்குமுள்ள ஸ்டூடியோக்களில் முக்காலியின் மேல் ஏறி நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, ஜெர்மானியக் கேமராவும் ஜப்பானியக் கேமராவும் ஆசைப்பட்டவனுக்கு எட்டாக் கனியாயின. புதிது கிடைக்காத இடத்தில் பழையதற்கு மதிப்பு ஏறுவது இயற்கை. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும் பாக்கியத்தினால் வடசென்னைக்கு மட்டும் ஒரு பக்கவழி திறந்திருந்தது. கப்பலில் வேலை பார்த்தவனும், சிங்கப்பூர் போய் வந்தவனும் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிய யாஷிகாவும் ரோலிஃபிளெக்ஸும், ஊர் போய்ச் சேருமுன் கைமாறின. பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்கள், 1969-இல் கடற்கரைச் சாலையோரத்தில் அமைத்த பர்மா பஜார் இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு நிலையான சந்தையாயிற்று. மேற்கே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 1900 முதல் நின்ற மூர் மார்க்கெட்டின் சிவப்பு வளைவுகளுக்குக் கீழே, பழைய புஸ்தகங்களுக்கும் கிராமபோன் தட்டுகளுக்கும் நடுவே, மூடியில்லாத லென்ஸும் லென்ஸில்லாத பெட்டியும் அனாதைகளாக உட்கார்ந்திருக்கும். 1985-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி அந்த மார்க்கெட் எரிந்து சாம்பலானபோது, எத்தனையோ பொருள்களுக்கு ஏற்பட்டிருந்த இரண்டாவது ஜன்மமும் முடிந்தது. அங்கும் விலைபோகாதது காயலான் கடைக்குச் சென்று, பித்தளை தனியாகவும் கண்ணாடி தனியாகவும் எடைக்குப் போகும்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் இந்தப் பெட்டிகளுக்கு மற்றொரு வாழ்வு கொடுத்தன. 1955-இல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை திருவொற்றியூரில் ஏற்பட்டது முதலாக, லேத்திலும் கடைசலிலும் தேர்ந்த கைகள் இந்தப் பக்கத்தில் நிறைந்துவிட்டன. ஜப்பானிலிருந்து உதிரிப் பாகம் வரவழைக்க வழியில்லாத காலத்தில், தேய்ந்துபோன திருகாணிக்கும் முறிந்துபோன நெம்புகோலுக்கும் மாற்றுச் செய்து கொடுக்க, இரண்டாவது ஷிப்ட் முடித்து வரும் ஒரு டர்னர் போதும். அவருக்குக் கூலி, அடுத்த ரோலில் அவர் குடும்பத்துக்கு இரண்டு படம். ஆயுத பூஜையன்று உளியும் சுத்தியலும் சந்தனம் இட்டுக்கொண்டு உட்காரும் வரிசையில் கேமராவும் உட்காரும். இரவல் போன பெட்டி எந்த வீட்டிலிருந்தாலும் அதற்கு முதல் நாள் பெரியப்பாவிடம் திரும்பி வந்துவிட வேண்டுமென்பது எங்கள் தெருவின் மற்றொரு எழுதாத சட்டம். அதன் தோலுறையின் தையல் இடுக்குகளில் வருஷா வருஷம் இட்ட சந்தனம் உலர்ந்து வெளுத்துப்போய்த் தங்கியிருந்ததை நான் பல தடவை நகத்தால் நிமிண்டியிருக்கிறேன்.

சுருளையாவது நாமே செய்துகொள்வோம் என்று, பிரெஞ்சுக் கம்பெனியாகிய பௌஷேயின் ஒத்துழைப்போடு, மத்திய சர்க்கார் 1960-இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 1967-இல் உற்பத்தியை ஆரம்பித்தது. தூசில்லாத குளிர்ந்த காற்றுக்காகவே அந்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. சந்திரனைக் குறிக்கும் ‘இந்து’ என்ற பெயரோடு வந்த அதன் கறுப்பு வெள்ளைச் சுருள், படிக்கிற பிள்ளைகளும் பத்திரிகைக்காரர்களும் நம்பிய சுருள். பிறகு வர்ணப் படங்களின் வெள்ளமும், 1991-க்குப் பின் திறந்துவிட்ட இறக்குமதியும், கடைசியாக டிஜிட்டலும் வந்து, அந்த ஆலை பல வருஷங்கள் நலிந்து கிடந்து மூடப்பட்டது. சென்னையில் தெருவுக்குத் தெரு இருந்த லேப்புகள் ஜெராக்ஸ் கடைகளாயின. 2012-இல் கோடக் கம்பெனியே திவால் மனுச் செய்துகொண்டதென்றால், சின்ன ஸ்டூடியோக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகள் பரணில் ஏறின.

பரணில் ஏறியவற்றை இறக்கிக் கைமாற்றுகிறவர்கள்தான் நான் முதலில் குறிப்பிட்ட அன்பர்கள். இவர்கள் கூடுமிடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து பார்த்தால், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற விவசாயியின் கவனம் தெரியும். ஒருவர் பின்கதவைத் திறந்து, லென்ஸை வானத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே நோக்குகிறார்; கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் படர்ந்திருந்தால் அது காளான். மற்றொருவர் ஷட்டரை ஒரு வினாடிக்குத் திருகிவைத்து, பெட்டியைக் காதோரம் கொண்டுபோய் அழுத்துகிறார்; உள்ளே பற்சக்கரங்கள் சுவர்க்கோழிபோல் ஒரே சீராக ரீங்கரித்து ஓய்ந்தால் நல்லது, பாதியில் இழுத்துக்கொண்டு நின்றால் எண்ணெய் பிசினாகிவிட்டதென்று அர்த்தம். கதவோரத்துப் பஞ்சு கரைந்து கையில் தாராக ஒட்டுகிறதா, பாதரச மின்கலத்தை நம்பிய ஒளிமானியானால் அந்தக் கலம் தடைசெய்யப்பட்ட இந்நாளில் காது கேட்கும் கருவியின் கலத்தைப் போட்டு அது சரியாக நகருகிறதா என்றெல்லாம் பரீட்சை நடக்கிறது. கொடுக்கிறவர் குறையை மறைக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் முதல் தர்மம். விலைக்கு விற்பதைவிட, ஒரு ஜெனித்துக்கு ஒரு யாஷிகாவும் இரண்டு ரோலும் என்று பண்டமாற்றாகப் போவதையே மூத்தவர்கள் விரும்புகிறார்கள். விலை வந்துவிட்டால் உறவு போய்விடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

ஆனால் இந்தக் கைமாற்றத்துக்கு உறவைக் காட்டிலும் உறுதியான காரணம் ஒன்றுண்டு; அது நம் கடற்காற்று. ஈரம் மிகுந்த காற்றும் இருட்டும் அடைப்பும் சேர்ந்த இடத்தில் காளான் கண்ணாடியைத் தின்னும். அசையாத ஷட்டரில் எண்ணெய் இறுகும். மடித்தே வைத்த துருத்தி மடிப்போரத்தில் வெடிக்கும். மிகுந்த அபிமானத்தோடு தோலுறையில் இட்டு, பட்டுத்துணியில் சுற்றி, பீரோவில் பூட்டிவைத்த கேமரா, ராயபுரம் காற்றில் சில மழைக்காலங்களுக்குள் குருடாகிவிடும். பத்துப் பேர் கையில் பட்டு, வெயில் கண்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது ‘கிளிக்’ என்ற பெட்டிக்கு ஆயுள் நீளும். பம்பாயைச் சேர்ந்த திலீஷ் பாரேக் 4,425 பழைய கேமராக்களைச் சேகரித்து 2003-இல் கின்னஸ் புஸ்தகத்தில் இடம் பெற்றார். குருகிராமத்தில் 2019 முதல் கேமராக்களுக்கென்றே ஒரு காட்சிச்சாலை நடக்கிறது. சரித்திரத்தைக் காக்க அவையும் வேண்டியவையே. ஆனால் குளிர்சாதன அறை கட்ட வகையில்லாத நம் பக்கத்து மனிதர்கள், கொடுத்துவிடுவதே காப்பதற்கு வழி என்று கண்டுகொண்டார்கள்.

இந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. பெட்டிகள் கைமாறுகின்றன; அவை எடுத்த படங்களைக் கேட்பாரில்லை. இரவல் வாங்கிய கேமராவைத் தவறாமல் திருப்பித் தந்த எங்கள் தெருவார், பிரதி போடுவதற்கென்று வாங்கிப்போன நெகட்டிவை ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. ஸ்டூடியோக்கள் மூடியபோது தகடுகள் காயலான் கடைக்கும் குப்பைக்கும் போயின. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிரதியெடுத்துக் காக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டதும், அதற்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவி கிடைத்ததும் ஆறுதலளிக்கும் செய்திகள். எனினும் அந்தக் கவலை கேமரா மாற்றுகிறவர்களுக்கும் வரவேண்டும்.

பெரியப்பாவின் கிளிக் 3 கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்து, நானும் பிறரைப்போலவே அதை உறையோடு அலமாரியில் வைத்திருந்தேன். சென்ற ஐப்பசி மழைக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது, லென்ஸின் ஓரத்தில் வெள்ளை இழை ஒன்று துளிர்விட்டிருந்தது. மறு வாரமே எர்ணாவூரிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்து, பதிலுக்கு அவன் நீட்டிய இரண்டு ரோலை வாங்கிக்கொண்டேன். அவன் காதோரம் வைத்து ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, “ஐயா, உறை?” என்று கேட்டான். “அதுதான் இதைக் கெடுத்தது, நீ வெறுமனே கொண்டு போ” என்றேன். பெட்டி இப்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எங்கேயோ வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தையலில் சந்தனம் படிந்த அந்தத் தோலுறை மட்டும், காலியாக, என் மேஜையின் மேல் இருக்கிறது.